கடல் குடித்த ஆடு

2006 ஆகஸ்ட், ஒரு புதன்கிழமை, பிற்பகல் நான்கு மணி. ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் ஓர் அடுக்குமாடியின் ஐந்தாம் தளத்து வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். வீட்டுக்காரி சிறிதேவி நீளச் சோபாவின் ஜன்னலோர மூலையில். அவருடைய மகன் நிருஜன் அதே சோபாவின் மறு மூலையில். நடுவே இரண்டு பேர் தாராளமாக இருக்கக்கூடிய இடம் சும்மா கிடந்தது. சிறிதேவியின் கணவருக்குத் தம்பியான யோகலிங்கம் கதவோரக் கதிரையில், கழற்றாத ஜாக்கெட்டோடு. துப்பறிபவர் அருளானந்தன் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எல்லாருடைய முகமும் தெரியும்படி நடுவில். அவருடைய உதவியாளர் ஞானமலர் சுவரோர ஸ்டூலில். பஸ் ஓட்டிவிட்டு நேரே வந்தபடியால் சாரதிச் சீருடையோடு.

ஆறாவதாக ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவர் சிறிதேவியின் கணவர், ஜெகதீஸ்வரன். அவர் இருக்கவேண்டிய இடம் சின்ன மேசையில் விரித்த பேப்பருக்கு மேல் வைத்திருந்த கறுப்புக் கலசம். மார்ச் மாதம் தகனம் செய்த நாளிலிருந்து அவருடைய சாம்பல் அதற்குள்தான் இருந்தது.

கலசம் இருந்தது. அவர் இல்லை.

"காலமை கீழ்க் களஞ்சிய அறைக்குப் போனனான், கலசத்துக்குப் பட்டுத் துணி கட்டுவம் எண்டு," என்றார் சிறிதேவி. "தூக்கினவுடனை கலகலவெண்டு சத்தம். அந்த மனிசன் உயிரோடை இருக்கேக்கையே இவ்வளவு சத்தம் போட்டதில்லை."

அருளானந்தன் மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளைக் கூழாங்கற்கள். கழுத்து மட்டம் வரைக்கும்.

"சாம்பலை வீட்டுக்குள்ளை வைக்கக்கூடாதெண்டுதானே கீழை வைச்சனீங்கள்?" என்று கேட்டாள் ஞானமலர். "இப்ப நடு ஹோலிலை வைச்சிருக்கிறியள்?"

"கல்லைத்தானே பிள்ளை வைச்சிருக்கிறன்."

ஞானமலர் எட்டிக் கலசத்துக்குள் பார்த்தாள். அருளானந்தன் ஒரு கல்லை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அருளானந்தன் வாரத்தில் ஐந்து நாள் மொழிபெயர்ப்பாளர். வைத்தியரிடமும் பொலீஸிலும் தமிழர் சொல்வதை நோர்வேஜியனிலும், அவர்கள் சொல்வதைத் தமிழிலும் சொல்பவர். இருபது வருஷம் மற்றவர்களின் வாயாக இருந்ததில், யார் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பது அவருக்குத் தானாகவே கேட்கத் தொடங்கிவிட்டது. ஒஸ்லோத் தமிழருக்குள் எது காணாமற் போனாலும் அவரைக் கூப்பிடுவார்கள். அவருக்குக் கார் ஓடத் தெரியாது. ஆகவே ஞானமலரைக் கூப்பிடுவார்.

விஷயம் இதுதான். இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியையை முப்பத்தோராம் நாள் செய்து முடித்தாயிற்று. சாம்பலைக் கடலில் கரைக்க மட்டும் அரசாங்க அனுமதி வேண்டும் என்பதால் அது தள்ளிப் போனது. எழுதிப் போட்டு, காத்திருந்து, ஒஸ்லோக் கடலில் கரைக்க அனுமதி வந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை வள்ளமும் ஐயரும் ஒழுங்கு. சாம்பலைத்தான் காணவில்லை.

"சனிக்கிழமை நான் அந்த மனிசனைத் தண்ணியிலை விடவேணும் அண்ணை," என்றார் சிறிதேவி. "அஞ்சு மாசமாய் அவர் கீழை டயரோடை கிடக்கிறார். எனக்கு நித்திரை இல்லை. அதை மட்டும் செய்து தாங்கோ."

"டயரோடையோ?"

"இவரின்ரை டயர்." சிறிதேவி கதவுப் பக்கம் விரலை நீட்டினார். "லோறென்ஸ்கூக்கிலை வீடு வாங்கியும் பனிக்கால டயர் வைக்க இடமில்லையாம். அதாலை களஞ்சிய அறைத் திறப்பு இவரிட்டையும் இருக்கு. என்னட்டை ஒண்டு, நிருஜனிட்டை ஒண்டு, இவரிட்டை ஒண்டு. யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்குத்தான் கொண்டு போகவேணும், பாதை திறக்கும்வரைக்கும் வைச்சிருப்பம் எண்டு சண்டை பிடிச்சதும் இவர்தான். கீரிமலை எத்தினை வருஷமாய் ஆமிக்காரன்ரை வலயத்துக்குள்ளை கிடக்கு! நான் மாட்டன் எண்டன். இப்ப எடுத்து ஒளிச்சுப்போட்டுக் கல்லை நிரப்பி விட்டிருக்கிறார். தமையனைக் களவெடுத்த தம்பி!"

யோகலிங்கம் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் கல்லுப் போடேல்லை மச்சாள்."

"அப்ப ஆர் போட்டது?"

"நான் கல்லுப் போடேல்லை."

அருளானந்தன் நிருஜன் பக்கம் திரும்பினார். "தம்பி என்ன நினைக்கிறீர்?"

நிருஜனுக்கு இருபத்தாறு வயது. ட்வெய்ட்டாவில் கடைத்தொகுதி ஒன்றில் வேலை. "எனக்குத் தெரியேல்லை அங்கிள். ஆராவது பூட்டை உடைச்சு innbrudd செய்திருக்கலாம்."

"வரேக்கை கீழை எட்டிப் பாத்தனான், பூட்டு உடையேல்லை. சைக்கிள் இரண்டு நிக்குது. டயர் நாலும் நிக்குது," என்றாள் ஞானமலர். "சாம்பலை மட்டும் எடுத்துக்கொண்டு கல்லை வைச்சிட்டுப் போற கள்ளன் எண்டா, அவன் கடன் வைக்க விரும்பாத கள்ளன்."

யோகலிங்கம் எழுந்தார். "என்ரை வீட்டை வந்து தேடுங்கோ. இப்பவே வாங்கோ. நான் கல்லுப் போடேல்லை."

மூன்றாவது தடவை, என்று அருளானந்தன் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

---

லோறென்ஸ்கூக்குக்கு இருபது நிமிஷம். ஞானமலர் தன் சொந்தக் காரையும் பஸ் மாதிரியே ஓட்டுவாள். வழியில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் பழக்கதோஷத்தில் காரை நிறுத்தியும் விட்டாள். காத்து நின்ற நோர்வேக் கிழவி குனிந்து உள்ளே பார்த்தாள். அருளானந்தன் அவளுக்கு வணக்கம் சொன்னார். கார் புறப்பட்டது.

"அண்ணை, எனக்கு அந்த மனுசனிலைதான் சந்தேகம்," என்றாள் ஞானமலர். "ஜாக்கெட்டைக் கழட்டாமல் இருக்கிறவன் ஓடப் பாக்கிறவன். என்ரை பஸ்ஸிலை ரிக்கெற் இல்லாதவன் எல்லாரும் கதவுக்குக் கிட்டத்தான் நிப்பினம்."

"ஓடப் பாக்கிறவர் ஏன் தன்ரை வீட்டுக்கு எங்களை வரச் சொல்லுறார்?"

"அதுதானே கெட்டித்தனம்."

யோகலிங்கம் முன்னால் தன் காரில் போய்ச் சேர்ந்திருந்தார். ஞானமலர் காரை விட்டு இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டாள். வீட்டின் முன்வாசலில் இருந்து தபால் பெட்டி வரைக்கும், இரண்டு பக்கமும், வெள்ளைக் கல் பரப்பியிருந்தது.

"கேஸ் முடிஞ்சுது," என்றாள் அவள். "நேரத்தோடை வீட்டை போய்ச் சமைக்கலாம்."

அருளானந்தன் குந்தியிருந்து ஒரு கல்லை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து கலசத்துக் கல் ஒன்றை எடுத்து மற்றக் கையில் வைத்தார். இரண்டையும் ஞானமலரிடம் நீட்டினார்.

"தடவிப் பாரும்."

தடவினாள். தோட்டத்துக் கல் விரலைக் கீறியது. மெஷினில் உடைத்த கல். எல்லாப் பக்கமும் மூலை. கலசத்துக் கல்லோ இனிப்புக் குளிசை மாதிரி உருண்டு வழுவழுப்பாக இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் பென்சில் முனை நுழையும் அளவில் மூன்று துளைகள். ஒரு துளைக்குள் அரிசியளவு சிப்பி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"கடல் உருட்டின கல்லு," என்றார் அருளானந்தன். "அதுவும் இஞ்சத்தைக் கடல் இல்லை. ஒஸ்லோக் கரையிலை கிடக்கிறது சாம்பல் நிறம், கருங்கல் சாதி. இது வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லு. வெய்யில் நாட்டுக் கல்லு." யோகலிங்கத்தைப் பார்த்துக் கேட்டார்: "இந்தக் கோடையிலை நீங்கள் எங்கையும் போனீங்களோ?"

"நான் மீன் கம்பனியிலை குளிர் அறைக்குள்ளை வேலை செய்யிறன். எனக்கு ஏது கோடை? கடலுக்கும் எனக்கும் சரிவராது. நீந்தத் தெரியாது."

"சாம்பல் எங்கை எண்டு தெரியுமோ?"

யோகலிங்கம் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு, "நான் கல்லுப் போடேல்லை," என்றார்.

திரும்பி வரும்போது ஞானமலர் தரிப்பிடம் எதிலும் நிற்கவில்லை. அவள் யோசிக்கும்போது மட்டும்தான் அப்படி நடக்கும்.

"அந்தாள் பொய் சொல்லேல்லை அண்ணை. ஆனா வேற என்னவோ செய்யுது."

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லாமல், கேக்காததுக்கு உண்மை சொல்லுது. வேற ஆரையோ மறைச்சுக்கொண்டு நிக்குது."

"அந்தக் குடும்பத்திலை வெய்யில் நாட்டுக்குப் போனது ஆர்?"

"அதைத்தான் தண்ணி குடிக்கிற சாட்டிலை பாக்கப் போறன்," என்றார் அருளானந்தன்.

---

அவர் சொன்னபடியே செய்தார். சிறிதேவியிடம் தண்ணீர் கேட்டு, "நீங்கள் இருங்கோ" என்று தானே குசினிக்குள் போனார். ஞானமலரும் பின்னால் போனாள். தமிழ் வீட்டில் பிள்ளை போன ஊரெல்லாம் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் என்பது இருவருக்கும் தெரிந்த விஷயம்.

ஒட்டியிருந்தது. பல்வைத்தியரின் நாட்கடிதத்துக்கும் கோவில் நாட்காட்டிக்கும் நடுவில் ஒரு படம். மூன்று பக்கமும் வெள்ளைப் பாறை. நடுவில் கண்ணைக் கூசவைக்கும் நீலத் தண்ணீர். ஒரு கதிரை இல்லை, குடை இல்லை, வேறு மனுசர் இல்லை. பாறையால் தவழ்ந்து இறங்கினால்தான் உண்டு. தண்ணீரில் இடுப்பளவுக்கு நிருஜன் நின்றான், முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு கையை உயர்த்திக் காதோடு எதையோ பிடித்திருந்தான். ஓரத்தில் ஒரு வெள்ளாடு.

"யூலையிலை குரோவேசியா போனவன்," சிறிதேவி ஹோலிலிருந்து குரல் கொடுத்தார். "வேலையிடத்திலை ஆன்தே எண்டொரு குரோவேசியப் பெடியன் இருக்கிறான். அவன்ரை ஊராம். அட்ரியாட்டிக் கடல். படம் அனுப்பு, படம் அனுப்பு எண்டு நான் நச்சரிச்சு வந்த படம் அது ஒண்டுதான். முதுகைக் காட்டப் பிள்ளை இரண்டாயிரம் கிலோமீற்றர் போயிருக்கு!"

ஞானமலர் படத்தின் கீழ் ஓரத்தில் விரலை வைத்தாள். பாறை முடிந்து தண்ணீர் தொடங்கும் இடத்தில் வெள்ளைக் கூழாங்கல் குவிந்து கிடந்தது. அவள் சத்தம் வராமல் விசிலடித்தாள்.

"கல்லுக் கிடைச்சிட்டுது. ஆனா ஏன் அண்ணை? தகப்பன்ரை சாம்பலை எடுத்து எறிஞ்சுபோட்டுக் கல்லு வைக்கிற அளவுக்கு இவன் கெட்ட பெடியனோ?"

"இந்த ஆடு என்ன செய்யுது?"

"தண்ணி குடிக்குது."

"எங்கை?"

"கடலிலை." ஞானமலர் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். ஆட்டின் வாய் தண்ணீருக்குள் இருந்தது. "லீவிலை நிக்கிற நோர்வேக்காரன் மாதிரி, கிடைச்சதைக் குடிக்குதாக்கும்."

"ஆடு உப்புத் தண்ணி குடிக்காது மலர். தாகத்திலை ஒரு வாய் வைச்சாலும் தலையை உதறிப்போட்டு ஓடிவிடும். இது முன்னங்காலை மடிச்சு ஆறுதலாய்க் குடிக்குது."

"அப்ப அது கடல் இல்லையோ?"

"கடல்தான். அந்தக் கடலுக்குள்ளை பாறைக்குக் கீழாலை நன்னீர் ஊத்து வருது. சுண்ணாம்புக் கல் நாடு எண்டா அப்பிடித்தான். மழைத் தண்ணி மலைக்குள்ளாலை இறங்கிக் கடலுக்குள்ளை வந்து கொப்பளிக்கும். உமக்கு வேற எந்த இடத்தைத் தெரியும், கடலும் நன்னீர் ஊத்தும் ஒட்டிக்கொண்டு இருக்கிற இடம்? ஆக்கள் சாம்பல் கொண்டு போற இடம்?"

ஞானமலரின் வாய் திறந்தபடி நின்றது. "கீரிமலை."

"அவன் எறியேல்லை," என்றார் அருளானந்தன். "கரைச்சிருக்கிறான்."

"அதென்ன காதுக்குக் கிட்ட?"

"கைத்தொலைபேசி. பிளாஸ்டிக் பையிலை சுத்தியிருக்கு."

"இடுப்பளவு தண்ணியிலை நிண்டு போனோ? அப்ப பெட்டையோடைதான் அண்ணை. தகப்பனைக் கரைக்கேக்கையும் விடேல்லை!"

---

அருளானந்தன் மறுபடியும் நடுக் கதிரையில் உட்கார்ந்தார். யோகலிங்கமும் பின்னால் வந்து, பழைய கதிரையில் பழைய ஜாக்கெட்டோடு இருந்தார்.

"தம்பி, அந்தத் தண்ணி நல்ல குளிரோ?"

"சரியான குளிர் அங்கிள், ஊத்துத் தண்ணி..." நிருஜன் நிறுத்தினான். யாரும் எந்தத் தண்ணீரென்று சொல்லியிருக்கவில்லை.

சோபாவின் நடு இடம் இன்னும் நீளமாகத் தெரிந்தது.

"அப்பா ஆஸ்பத்திரியிலை கேட்டவர்," என்றான் அவன் கடைசியில், முழங்காலைப் பார்த்தபடி. "உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் சேர்ற இடத்திலை விடு எண்டு. ஓம் எண்டு சொன்னனான். பிறகு நீங்கள் கேட்டனீங்கள் அம்மா, கிட்ட வேணும், நினைச்ச நேரம் ட்ரெயினிலை போய்ப் பாக்கவேணும் எண்டு. உங்களுக்கும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். பிறகுதான் யோசிச்சனான், இரண்டு பேருக்கும் ஓம் சொல்லிப்போட்டன் எண்டு. கீரிமலைக்குப் போகேலாது. இஞ்சத்தைச் சட்டப்படி சாம்பலை ஆறு மாசத்துக்கு மேலை வைச்சிருக்கவும் ஏலாது. வேலையிலை ஆன்தேக்கு இதைச் சொல்ல, எங்கடை ஊரிலையும் அப்பிடி ஒரு இடம் இருக்கு, ஒருத்தரும் வராத இடம் எண்டு அவனே கூட்டிக்கொண்டு போனவன்."

"எதிலை கொண்டு போனனீ?" என்று கேட்டாள் ஞானமலர். வழக்குக்குத் தேவையில்லாத கேள்விதான். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பாலிலை கரைக்கிற மால்ட் மா ரின்னிலை. எயார்போட்டிலை சோதிக்கிறவன் என்ன இது எண்டு கேட்டான். அப்பா எண்டனான். பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சு விட்டுட்டான்."

ஞானமலர் தன் சீருடைப் பொத்தானைப் பார்த்தாள். சிரிக்கக்கூடாத இடம்.

"கல்லு?" என்றார் சிறிதேவி. இதைக் கேட்ட பிறகு அவர் பேசிய முதல் சொல் அது.

"பாரம் இருக்கவேணும்தானே. அதோடை, அப்பா நிக்கிற இடத்துக் கல்லாவது இஞ்சை வரட்டும் எண்டு. நோர்வே ஆக்களின்ரை செத்தவீட்டிலை கலசத்தை ஒருத்தரும் திறக்கிறேல்லை அம்மா. நான் வேலையிடத்து ஆக்களின்ரை இரண்டு மூண்டுக்குப் போனனான். நாங்கள் துணி கட்டி, பூப்போட்டு, பால் ஊத்துவம் எண்டு எனக்குத் தெரியாது. சனிக்கிழமை வள்ளத்திலை நான்தானே விடுறது. மற்றப் பக்கம் திரும்பி நிண்டு..."

"முதுகைக் காட்டிக்கொண்டு," என்றாள் ஞானமலர்.

சிறிதேவி மெல்லத் திரும்பி யோகலிங்கத்தைப் பார்த்தார். "உங்களைக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டன்."

"பரவாயில்லை மச்சாள்."

"இன்னும் முடியேல்லை," என்றார் அருளானந்தன். "தம்பி, தண்ணிக்குள்ளை நிக்கேக்கை ஆரோடை போன் கதைச்சனீர்?"

நிருஜன் சோபாத் துணியின் நூலைச் சுரண்டினான்.

சிறிதேவியின் புருவம் ஏறியது. "ஆரடா அந்தப் பெட்டை?"

கதவோரம் ஸிப் இழுக்கும் சத்தம் கேட்டது. யோகலிங்கம் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்தார்.

"நான்தான் மச்சாள் அந்தப் பெட்டை."

ஞானமலர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை ஆஸ்பத்திரியிலை சொல்லேக்கை நானும் பக்கத்திலை நிண்டனான்," என்றார் யோகலிங்கம். "பெடியனுக்குப் பதிகம் தெரியாது. பாட்டில்லாமல் அண்ணையை எப்பிடி விடுறது? கம்பனியிலை வேற எங்கை நிண்டு பாடுறது? குளிர் அறைக்குள்ளை போய், சால்மன் பெட்டியளுக்கு நடுவிலை நிண்டு பாடினனான். கைத்தொலைபேசியிலை அவன் தண்ணியைக் கேக்கப் பண்ணினான். முடியிற வரைக்கும் இரண்டு பேருக்கும் நடுக்கம்." அவர் மூக்கை உறிஞ்சினார். "கல்லு விஷயம் எனக்குத் தெரியாது. அது அவன்ரை சொந்த விசர்."

சிறிதேவி எழுந்து ஜன்னலடிக்குப் போனார். அங்கிருந்து ஒஸ்லோக் கடல் தெரியாது. ரயில் பாதைதான் தெரியும். அடுத்த ரயில் வந்து நின்று புறப்படும்வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியளோ?"

"கேட்டிருந்தா வேண்டாம் எண்டிருப்பியள் அம்மா."

"ஓம். வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன். முப்பது வருஷம் அந்த மனிசனோடை இருந்தது நான். கடைசியா விடேக்கை அங்கை நிண்டது ஒரு ஆடு!"

நிருஜனுக்குக் கண் கலங்கியது. அம்மா திரும்பவில்லை.

"என்ன நாள்?"

"யூலை பதினாலு. காலமை எட்டு மணி."

"தண்ணி இனிச்சதோ?"

"மேலாலை இனிப்பு. காலுக்குக் கீழை உப்பு. ஒரு கை அள்ளிக் குடிச்சுப் பாத்திட்டுத்தான் விட்டனான்."

"அந்த மனிசனுக்குக் குளிர் தண்ணி பிடிக்காது," என்றார் சிறிதேவி. கடைசியில் மேசைக்குத் திரும்பி வந்து, கலசத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி கல்லை எடுத்துப் பார்த்தார். "சனிக்கிழமைக்கு ஐயருக்குச் சொல்லியாச்சு. வள்ளத்துக்குச் சொல்லியாச்சு. அருள் அண்ணை, கடலிலை கல்லுப் போட அனுமதி தேவையோ?"

அருளானந்தன் இதைச் சற்று யோசித்தார். சட்டங்களை இரு மொழியிலும் அறிந்தவர். "கல்லுப் போடத் தேவையில்லை."

"கிரியையிலையும் கல்லை நட்டு அதிலைதானே மச்சாள் ஆளை நினைக்கிறது," என்றார் யோகலிங்கம் மெதுவாக. "ஐயர் ஒண்டும் சொல்லமாட்டார்."

"ஐயர் சொல்லுறதை நான் பாத்துக்கொள்ளுறன். மனிசன் கேட்ட இடத்திலை மனிசன் நிக்கட்டும். நான் கேட்ட இடத்திலை அவர் நிண்ட இடத்துக் கல்லு நிக்கட்டும்." சிறிதேவி கல்லைத் திரும்பக் கலசத்துக்குள் போட்டு மூடினார். "ஆனா வந்த அனுமதியை வைச்சுக்கொண்டு, இதுதான் சாம்பல் எண்டு நடிக்க நான் மாட்டன். அனுமதி தந்த ஆக்களுக்கு எழுதுங்கோ."

"அம்மா, அங்கை கொண்டு போக நான் அனுமதி எடுக்கேல்லை," என்றான் நிருஜன். "bot எண்டு தண்டம் அடிப்பாங்கள்."

"அடிச்சா வாங்கு."

அருளானந்தன் பேனையைத் திறந்தார். சிறிதேவி தமிழில் சொல்லச் சொல்ல, நோர்வேஜியனில் எழுதினார். எழுதியதைத் தமிழில் திரும்ப வாசித்தார். தங்கள் அனுமதிக்கு நன்றி. அது இனித் தேவையில்லை. என் கணவரின் சாம்பல் யூலை பதினான்காம் திகதி காலை எட்டு மணிக்கு, அவர் கேட்டுக்கொண்டபடி, அட்ரியாட்டிக் கரையில் ஆட்கள் வராத ஒரு பாறைக் குடாவில் மகனால் கரைக்கப்பட்டது. அப்போது எனக்கு இது தெரியாது. இப்போது தெரியும். இதற்குத் தண்டம் இருந்தால் மகனுடைய பெயருக்கு அனுப்பவும்.

"உடன் இருந்தவர்கள் எண்டு போடவோ?" என்று கேட்டார் அருளானந்தன்.

"போடுங்கோ. மகன், அவன்ரை சிநேகிதன், தொலைபேசியிலை தம்பி."

"ஆடு?" என்றாள் ஞானமலர்.

சிறிதேவி அவளைப் பார்த்த பார்வையில் பஸ்கூட நின்றிருக்கும்.

கையெழுத்து வைத்தார். தன் பெயரைத் தமிழில் எழுதினார். கீழே நோர்வே எழுத்திலும் எழுதினார். தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்து, ஓரத்தை நாக்கால் நனைத்து, மேசையில் வைத்துக் கை முஷ்டியால் இரண்டு தரம் குத்தி ஒட்டினார். முத்திரையை அருளானந்தன் ஒட்டினார். ஆறு மணிக்குக் கீழே தபால் பெட்டியிலிருந்து கடிதம் எடுத்துவிடுவார்கள்; இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

உறையை நிருஜனின் கையில் கொடுத்தார் சிறிதேவி.

"கொண்டுபோய்ப் போடு. இந்த முறையாவது, சொன்ன இடத்திலை போடு."

நால்வரும் ஜன்னலடியில் நின்று பார்த்தார்கள். கீழே அவன் வாகனத் தரிப்பிடத்தைக் கடந்து, சிவப்புப் பெட்டியடியில் நின்று, உறையை ஒருமுறை புரட்டிப் பார்த்து, பெட்டியின் வாய்க்குள் விட்டான்.